"அந்தப் பையன் எங்கே?" என்று கேட்ட அன்பர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். எம்ஆர்டியில் நின்னுக்கிட்டுப் படிக்காம, வீட்டுக்குப் போய் ஒரு டீயோட உட்கார்ந்து படிங்க.

சனிக்கிழமை அன்னதானச் சமையலுக்கு வருகிற ஆறு பேர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எல்லாரும் ஆங் மோ கியோ பக்கத்துக்காரங்கதான். எங்களில் பாதிப் பேர் இங்கேயே தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கிறவங்க. அதை ஏன் சொல்றோம்னு கீழே படிச்சா தெரியும்.

சில வாரமா எல்லாரும் ஒரே கேள்வி கேட்கிறீங்க. "பந்தியில மோர் ஊத்துவானே, திருவிழான்னா உறுமியைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நிப்பானே, அந்தப் பையன் எங்கே?" சில பேர் அக்கறையோட கேட்கிறீங்க. சில பேர் பதில் தெரிஞ்சே கேட்கிறீங்க. போன மாசம் ஒரு வாட்ஸ்அப் குழுவில், பள்ளிச் சீருடையில் அவன் இருக்கிற படத்தைப் போட்டு, "ஹோமுக்குப் போயிட்டான்" என்று ஒரு வரியும் எழுதி யாரோ அனுப்பியிருந்தாங்க. நாங்கள் கேட்டுக்கொண்டதும் எடுத்துட்டாங்க. அதுக்குள்ள எத்தனை கைபேசிக்குப் போச்சோ முருகனுக்குத்தான் தெரியும். பையனோட அம்மா அன்று ராத்திரி எங்களுக்குப் போன் பண்ணி அழுதாங்க. அவங்க சம்மதத்தோட, அவங்க படிச்சுப் பார்த்த பிறகுதான் இது வெளியே வருது. பையன் பெயர், பிளாக், பள்ளி எதுவும் இதில் இருக்காது.

முதல்ல அந்தப் படத்தைப் பத்தி. இங்கே சிறுவர், இளையர் சட்டம்னு ஒண்ணு இருக்கு. 1949-லேயே ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் பல தடவை திருத்தியிருக்காங்க. இளையர் நீதிமன்ற வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளையோட பெயர், முகவரி, பள்ளி, புகைப்படம் என்று ஆளை அடையாளம் காட்டுகிற எதையும் வெளியிடக் கூடாதுன்னு அந்தச் சட்டம் சொல்லுது. அந்த நீதிமன்றத்தில் பொதுமக்கள் போய் உட்காரவும் முடியாது. "வாட்ஸ்அப் என்ன பத்திரிகையா?" என்று ஒரு மாமா கேட்டார். நூத்துக்கணக்கான பேர் இருக்கிற குழுவில் ஒரு படத்தைப் போட்டா, அதுக்கு வெளியிடுறதுன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது மாமா?

அடுத்தது, "ஜெயிலுக்குப் போயிட்டான்" என்ற பேச்சு. அவன் ஜெயிலுக்குப் போகலை. ஜூரோங் வெஸ்ட் பக்கம் இருக்கிற சிங்கப்பூர் சிறுவர் இல்லத்தில் இருக்கான். அதைச் சிறைத்துறை நடத்துறதில்லை, சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு நடத்துது. பெண் பிள்ளைகளுக்கு டிஃபு அவென்யூவில் தனி இல்லம். சிறைத்துறை கையில் இருக்கிறது சீர்திருத்தப் பயிற்சி நிலையம், அது வேற. அங்கே பெரும்பாலும் 16 வயசுக்கு மேல் 21-க்குள் இருக்கிறவங்க போவாங்க. மூணையும் ஒண்ணாப் போட்டுப் பேசாதீங்க.

பழைய ஆளுங்களுக்கு இது புதுசும் இல்லை. நம்ம தேக்காவிலிருந்து நடந்தே போகிற தூரம், மவுண்ட் எமிலி மேட்டில், அப்பர் வில்க்கி ரோட்டில் ஒரு பெரிய பங்களா இருக்கு பாருங்க. போருக்கு முன்னாடி ஜப்பான்காரன் துணைத் தூதரகமா இருந்தது. போருக்கு அப்புறம் ரொம்ப வருஷம் பெண் பிள்ளைகள் இல்லமா நடந்துச்சு. வீரமாகாளி அம்மனைக் கும்பிட்டுட்டு அந்த மேட்டுப் பக்கம் நடந்தவங்களில் எத்தனை பேருக்கு அது தெரிஞ்சிருக்கும்?

ஒரு பிள்ளை இல்லம் வரைக்கும் போகிறதுக்கு முன்னாடி பல படி இருக்கு. சின்னத் தப்புன்னா, நீதிமன்றத்துக்கே போகாம போலீஸ் எச்சரிக்கையோட ஆறு மாச வழிகாட்டித் திட்டம். நீதிமன்றம் போனாலும் பெற்றோர் பிணை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாம் இருக்கு. நீதிபதி தனியா முடிவு எடுக்கிறதில்லை. சமூகத்திலிருந்து நியமிச்ச இரண்டு ஆலோசகர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பையனோட வீடு எப்படி, பள்ளி எப்படி, யாரோட சுத்துறான்னு பார்த்து யோசனை சொல்வாங்க. அதுக்கு அப்புறமும் வேற வழி இல்லைன்னா இல்லம். சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பினா அதிகபட்சம் மூணு வருஷம். நம்ம பையன் ஒரு கும்பலோட போய் அடிதடியில் நின்னான். அஞ்சு பேர் அல்லது அதுக்கு மேல சேர்ந்து அப்படி இறங்கினாலே இங்கே சட்டப்படி கலவரம். முதல் தடவை கண்காணிப்பில் விட்டாங்க. ராத்திரி இத்தனை மணிக்குள் வீட்டில் இருக்கணும்னு நிபந்தனை. அவன் இருக்கலை. அவ்வளவுதான் கதை. தப்பே பண்ணலைன்னு நாங்கள் சொல்ல வரலை. அடி வாங்கின பையனுக்கும் ஒரு அம்மா இருக்காங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றோம். "உள்ளே என்ன பண்ணுவாங்க, அடிப்பாங்களா, சோறு போடுவாங்களா?" என்று பையனோட பாட்டி எங்களைக் கேட்டாங்க. எங்களுக்குத் தெரியலை. நம்ம கோயிலுக்கு வருகிற ஒரு அண்ணன், இப்போ எழுபதைத் தாண்டினவர், இந்த மாதிரி இல்லத்தில் ரொம்ப வருஷம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட்டு உட்கார வெச்சோம். எந்தப் பிள்ளை பெயரையும் சொல்ல மாட்டார், எந்தச் சம்பவத்தையும் சொல்ல மாட்டார். வேலை எப்படி நடக்கும் என்பதை மட்டும் சொன்னார். அவர் காலத்துக்கு இப்போ பல விஷயம் மாறியிருக்கும் என்றும் சொன்னார். வெங்காயம் உரிச்சுக்கிட்டே மூணு சனிக்கிழமை கேட்டோம்.

அவர் முதல்ல சொன்னது எண்ணிக்கை. காலையில் எழுப்பினதும் எண்ணணும். குளிக்கப் போகும்போது, வந்த பிறகு, சாப்பாட்டுக்கு, வகுப்புக்கு, மைதானத்துக்கு, திரும்ப அறைக்கு, ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் எண்ணணும். ஒரு தலை குறைஞ்சா எல்லாம் அப்படியே நிக்கும். எங்க லைனில் ஒரு பெட்டிக்கு ஒரு பார்ட் குறைஞ்சா நிறுத்துற மாதிரிதான்னு நாங்கள் சொன்னோம். அண்ணன் சிரிச்சார். "பார்ட்டுக்கு முகம் இல்லையேப்பா. நான் எண்ணுறப்ப நம்பரை மட்டும் பார்க்க மாட்டேன். நேத்து சிரிச்சவன் இன்னைக்கு எப்படி நிக்கிறான், எவன் கண்ணு வீங்கியிருக்கு, எவன் கையை முழுக்கைச் சட்டைக்குள்ள இழுத்து வெச்சிருக்கான். ஒரு நாளைக்கு பத்துப் பதினஞ்சு தடவை எண்ணுறோம்னா, பத்துப் பதினஞ்சு தடவை ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்க்கிறோம்னு அர்த்தம். வீட்டில எத்தனை அப்பன் அத்தனை தடவை பார்க்கிறான்?"

அதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் எங்களில் யாரும் பேசலை.

அடுத்தது பொருள். சாப்பாடு முடிஞ்சா கரண்டி எண்ணணும். தொழிற்பயிற்சி அறையில் ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதோட உருவம் வரைஞ்சிருக்கும். மாட்டலைன்னா வெறும் உருவம் பல்லை இளிக்கும். இது எங்களுக்கு நல்லா தெரியும், தொழிற்சாலையில் ஃபைவ் எஸ்னு சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கு. எங்க இடத்தில் ஸ்க்ரூடிரைவர் காணோம்னா சூப்பர்வைசருக்கு ஒரு திட்டு. அங்கே காணோம்னா, தேடிக் கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒரு பிள்ளையும் நகர முடியாது.

சாப்பாடு பத்தி பாட்டி கேட்டாங்க இல்லையா, அதைத் தனியாகவே கேட்டோம். எல்லா இனத்துப் பிள்ளையும் இருக்கிற இடம், அதுக்குத் தகுந்த மாதிரிதான் சமைக்கணும். சைவம் சாப்பிடுறவனுக்கும் வழி பண்ணணும். நேரத்துக்குக் கிடைக்கும். "ருசி?" என்று கேட்டோம். "நம்ம அன்னதான சாம்பார் மாதிரி இருக்காது" என்றார். பெரிய தொந்தரவு ருசியில் இல்லையாம், அளவில்தான். ஒருத்தன் தட்டில் கோழித் துண்டு கொஞ்சம் பெரிசா விழுந்துட்டா, "அவனுக்கு மட்டும் ஏன்?" என்று அங்கே சண்டை கிளம்பும். கையில் பைசா இல்லை, போன் இல்லை, கதவு சாவி இல்லை. அவனுக்குன்னு இருக்கிறது அந்தத் தட்டு ஒண்ணுதான். அதனால பரிமாறுகிற கரண்டி ஒரே அளவா இருக்கணும், பரிமாறுகிற ஆளுக்குப் பிடிச்சவன் பிடிக்காதவன்னு இருக்கக் கூடாது. பந்தியில் தெரிஞ்ச முகத்துக்கு இரண்டு வடை வைக்கிற நம்ம ஆளுங்க இதைக் கொஞ்சம் கவனிக்கணும் (யாரைச் சொல்றோம்னு அவங்களுக்கே தெரியும்).

யார் பக்கத்தில் யார் படுக்கிறது என்பதே தினம் ஒரு கணக்காம். வெளியே எதிரெதிர் கும்பலில் இருந்தவங்க உள்ளேயும் வருவாங்க. சின்ன உருவம், பெரிய உருவம். தீர்ப்புக்குக் காத்திருக்கிறவன், தீர்ப்பு ஆனவன். ஆஸ்துமா மருந்து வேணும்கிறவன். தம்பி இறந்துபோன செய்தி வந்தவன். காலையில் போட்ட கணக்கு சாயங்காலம் ஒருத்தன் புதுசா வந்தா மாறிடும். புதுசா வர்றவனோட முதல் ராத்திரிதான் ரொம்பக் கஷ்டம்னு அண்ணன் சொன்னார். பொருளெல்லாம் எழுதி வாங்கி வெச்சு, உடம்பைப் பரிசோதிச்சு, மாத்துத் துணி கொடுத்து, படுக்க வெச்சிடலாம். தூங்க வைக்க முடியாது. ராத்திரி ஷிஃப்ட்காரர் சுத்தி வரும்போது ஒரே நேரத்துக்கு வரக் கூடாதாம், முன்னே பின்னே வரணும். கதவுக்கிட்ட நின்னு மூச்சு விடுறது தெரியுதான்னு பார்த்துட்டுத்தான் அடுத்த கதவுக்குப் போகணும். "நான் பார்த்த வேலையில முக்கால்வாசி அதுதான்பா. பிள்ளைங்க மூச்சு விடுதான்னு பார்க்கிற வேலை."

எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ஹேண்டோவர் பத்தி அவர் சொன்னது. தொழிற்சாலையில் நாங்கள் நோட்டில் எழுதுவோம்: மெஷின் மூணு நின்னுச்சு, மெயின்டனன்ஸ் பார்த்தாச்சு, ஸ்டாக் இவ்வளவு. அவசரமா இருந்தா "ஆல் ஓகே" என்று எழுதிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுற ஆளும் உண்டு. அண்ணன் சொன்னார், அங்கே "இன்று அமைதி" என்று எழுதிட்டுப் போகிறவனைத்தான் அவருக்கு ரொம்பப் பயமாம். அமைதி என்றால் என்ன? எவன் சாப்பிடலை? எவனுக்கு அடுத்த வாரம் கோர்ட்? எவனுக்குப் பரீட்சை முடிவு வந்துச்சு? பார்வையாளர் நேரத்தில் எவனோட அம்மா வரலை? "அம்மா வரலை" என்று இரண்டு வார்த்தை நோட்டில் இருந்தா, ராத்திரிக்காரர் அந்தக் கதவுக்கு ஒரு தடவை அதிகமா போவார். அந்த இரண்டு வார்த்தை இல்லைன்னா போக மாட்டார். அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணும் சொன்னார். பிள்ளைங்களுக்குக் கண்டிப்பு பழகிடுமாம். பழகாதது ஆளுக்கொரு கண்டிப்பு. காலை ஷிஃப்ட் விட்டதைச் சாயங்கால ஷிஃப்ட் திட்டினா, ஒரு வாரத்தில் எந்த அதிகாரி எப்போ வருவார், எவர்கிட்ட என்ன செல்லும்னு அவங்க பட்டியலே போட்டுடுவாங்க. அப்புறம் நல்ல அதிகாரி, கெட்ட அதிகாரின்னு பிரிச்சு, அதிகாரிங்களுக்குள்ளேயே சண்டை மூட்டிவிடுவாங்க. "உங்க வீட்டுல அம்மா ஒண்ணு அப்பா ஒண்ணு சொல்றீங்களே, அதேதான்" என்றார்.

சண்டை வந்தா? பிரிக்கணும், இரண்டு பேரையும் மருத்துவரோ தாதியோ பார்க்கணும், எழுதணும். அடி வாங்கின அதிகாரி இருந்தா, அன்னைக்கு அந்தப் பையன் பக்கம் அவரை விடக் கூடாது. அவருக்குக் கோபம் இருக்கும், மனுஷன்தானே. வேற ஆளைப் போடணும். ஆள் பத்தாக்குறைன்னாலும் போடணும். இதைச் சொல்லும்போது அண்ணன் குரல் மாறிப்போச்சு. ஏன்னு கேட்டோம். செங்கல்பட்டு பத்திப் பேச ஆரம்பிச்சார்.

தமிழ்நாட்டுச் செய்தி பார்க்கிறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். செங்கல்பட்டில் அரசாங்க இல்லம் ஒண்ணு இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துச் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வந்த பழைய இடம். தாம்பரம் ரயில்வே இடத்தில் பேட்டரி திருடினான்னு 17 வயசுப் பையன் ஒருத்தனைப் பிடிச்சு அங்கே கொண்டுபோனாங்க. 2022 டிசம்பர் 31-ஆம் தேதி பையன் இறந்துட்டான். அடிச்சதில் இறந்தான்னு சொல்லி, 2023 ஜனவரியில் இல்லத்துக் கண்காணிப்பாளர் உட்பட ஆறு ஊழியர்களைக் கைது பண்ணினாங்க. அதுக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசாங்கம் இந்த மாதிரி இல்லங்கள் எப்படி நடக்குதுன்னு பார்க்க, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு ஐயா தலைமையில் ஒரு நபர் குழுவே போட்டுச்சு. நாங்கள் புத்தாண்டு பூஜைக்கு மாலை கட்டிக்கிட்டு இருந்த அதே நாளில் அந்தப் பிள்ளை போயிருக்கான். பேட்டரிக்காக.

"அங்கே இருந்தவங்க எல்லாரும் ராட்சசங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணன். "ஒரு ஷிஃப்ட்ல ஒருத்தன் கை ஓங்குறான். பக்கத்துல நிக்கிறவன் தடுக்கலை. அடுத்த ஷிஃப்ட்காரனுக்கு யாரும் சொல்லலை. நோட்டுல இல்லை. அப்படியே நாலு நாள் போனா போதும், ஒரு உசுரு போயிடும்." அது பொதுவா அவர் சொன்ன பேச்சு. அந்த இல்லத்தில் எது எப்படி நடந்ததுன்னு கோர்ட் பார்த்துக்கும்.

எங்களில் ஒருத்தர் அப்போ, "ஆனா அண்ணே, ரொம்ப நம்பினாலும் ஆபத்துதானே? புலாவ் செனாங் கேள்விப்பட்டதில்லையா?" என்று கேட்டார். இளைய தலைமுறைக்குத் தெரியாதுன்னு சுருக்கமா சொல்றோம். அது சின்னப் பசங்க இடம் இல்லை, ரகசியக் கும்பல் ஆட்களை வழக்கில்லாம தடுத்து வெச்சிருந்த தெற்குத் தீவு. 1960-ல் ஆரம்பிச்சாங்க. சுவர் இல்லை, கைவிலங்கு இல்லை. வேலை செஞ்சா திருந்துவான்னு நம்பின டேனியல் டட்டன் என்பவர்தான் கண்காணிப்பாளர். காட்டை வெட்டி ரோடு, வீடு, தண்ணீர் வசதி எல்லாம் அந்த ஆட்களை வெச்சே கட்டினார். 1963 ஜூலை 12-ஆம் தேதி கலவரம். டட்டனையும் இன்னும் மூணு அதிகாரிகளையும் கொன்னுட்டாங்க. அந்த மூணு பேரில் ஒருத்தர் நம்ம ஆள், ஆறுமுகம் வீரசிங்கம். பிறகு 18 பேருக்குத் தூக்கு, 1965-ல் நிறைவேத்தினாங்க. கலவரத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, படகுத்துறை வேலையை மேலதிக நேரம் செய்ய மாட்டோம்னு மறுத்த சில பேரைச் சாங்கிக்குத் திருப்பி அனுப்பியிருந்தாங்க.

அண்ணன் அதையும் வேற மாதிரிதான் பார்த்தார். "நம்பினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த மனுஷன் நம்பிக்கையால எத்தனையோ பேர் திருந்தி வெளியே வேலைக்குப் போயிருக்கான். ஆனா முணுமுணுப்பு வந்தப்ப யாரோ ஒருத்தன் அவர்கிட்ட வந்து சொல்லியிருக்கணும், அவரும் உட்கார்ந்து கேட்டிருக்கணும்." எங்களுக்குள் இதில் ஒத்த கருத்து இல்லை. இரண்டு பேர் இன்னும் சுவர் வேணும்னுதான் சொல்றாங்க. நாலு பேர் அண்ணன் பக்கம்.

இதெல்லாம் கோயில் பக்கத்தில் எதுக்குன்னு கேட்பீங்க. சொல்றோம்.

பையனோட அம்மா ஒரு கிளீனிங் கம்பெனியில் வேலை. வாரம் ஆறு நாள். அப்பா இல்லை. பையனைப் பார்க்கிறதுக்கு ஆங் மோ கியோவில் ரயில் ஏறி, வுட்லண்ட்ஸ் வழியா சுத்தி ஜூரோங் ஈஸ்ட், அங்கே மாறி பூன் லே, அப்புறம் பஸ். போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம். வீட்டில் ஏழு வயசுப் பாப்பாவும், நடக்க முடியாத பாட்டியும் இருக்காங்க. அவங்களைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னா அந்த வாரம் அம்மா போக முடியாது. அம்மா போகலைன்னா, அங்கே நோட்டில் அந்த இரண்டு வார்த்தை விழும்.

இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு, எங்களில் இரண்டு அக்காங்க முறை வெச்சுக்கிட்டுப் பாட்டி வீட்டில் போய் உட்கார்றாங்க. கார் வெச்சிருக்கிற ஒரு தம்பி, அவருக்கு ஆஃப் இருக்கிற வாரத்தில் அம்மாவைக் கொண்டுபோய் விடுறார். உள்ளே யார் போகலாம், எப்போ போகலாம்னு இல்லத்து அதிகாரிங்கதான் முடிவு பண்ணுவாங்க. அதனால தம்பி வாசலோட நின்னுடுவார், கோப்பிக் கடையில் காத்திருந்து கூட்டிட்டு வருவார். இது தொடங்கி பத்து வாரம் ஆகுது. ஒரு வாரமும் விடலை. பையன் அம்மாகிட்ட, "எப்படிம்மா ஒவ்வொரு வாரமும் கரெக்டா வர்றே?" என்று கேட்டானாம். கோயில்காரங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான் என்று சொன்னாங்க.

தீபாவளிக்கு நம்ம ஆளுங்க முறுக்கு, லட்டு, வேட்டி எல்லாம் மூட்டை கட்டி, "ஹோம் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாம்" என்று வருவீங்க. மனசு நல்ல மனசு. ஆனா வெளிச் சாப்பாட்டை அப்படியெல்லாம் உள்ளே எடுத்துக்க மாட்டாங்க, அனுமதி கேட்டுத்தான் எதுவும் பண்ண முடியும். அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். பண்டிகைக்கு வந்து படம் பிடிச்சுட்டு "அடுத்த மாசமும் வர்றோம் தம்பி" என்று சொல்லிட்டு வராமல் போனவங்களைப் பிள்ளைங்க மறக்கவே மாட்டாங்களாம். பெயர் சொல்லிக் கேட்பாங்களாம், அந்த அங்கிள் எப்போ வருவார்னு. வராதவங்களுக்குப் பதிலா அதிகாரிங்க சாக்கு சொல்லணும். அதனால தொண்டூழியத்துக்கு இல்லத்தில் சேரணும்னு ஆசைப்படுறவங்க, அமைச்சு வழியா முறைப்படி விண்ணப்பம் போட்டு, பயிற்சி எடுத்து, வருஷக்கணக்கில் வருவேன்னு தெரிஞ்சா மட்டும் போங்க. நடுவில் விடுறதா இருந்தா தயவுசெய்து வேண்டாம்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினோம். நல்லபடியா நடந்துக்கிட்டா, கொஞ்ச மாசத்தில் அவனுக்கு வார இறுதியில் வீட்டுக்கு வர அனுமதி கிடைக்கலாம். அப்போ சனிக்கிழமை காலையில் கோயில் சமையலுக்கு வரலாமான்னு அம்மா கேட்டாங்க. அவனோட அதிகாரிகிட்டக் கேட்டு, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகணும், யார் பொறுப்புன்னு எழுதிக் கொடுத்தா யோசிக்கலாம்னு பதில் வந்திருக்கு. நாங்கள் ஆறு பேரும் பொறுப்பு எடுத்துக்கத் தயார்.

ஆனா தொண்டர் கூட்டத்தில் எல்லாரும் ஒத்துக்கலை. "மத்தப் பிள்ளைங்க கெட்டுப் போயிடும்" என்றார் ஒருத்தர். "உறுமி அடிக்கிற கூட்டமே இப்படித்தான்" என்றார் இன்னொருத்தர். உறுமியைப் பத்தி அப்படிப் பேசாதீங்க ஐயா. தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் கூடாதுன்னு 1973-லிருந்து இருந்த தடை, 2016-லதான் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதின்னு கொஞ்சம் தளர்ந்துச்சு. அதுக்காக எத்தனை பேர் எத்தனை வருஷம் பொறுமையா கேட்டுக்கிட்டே இருந்தாங்க? வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வர்ற பையன், அந்த இரண்டு நாள் வோய்ட் டெக்கில் உட்காரலைன்னு அர்த்தம். நம்ம பையன் வழி மாறினது, உறுமிக் குழு பயிற்சியை நிறுத்தின அந்த அஞ்சு மாசத்தில்தான். அவன் அம்மாவே தேதியோட சொல்றாங்க.

மத்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்களோட பயம் எங்களுக்கும் புரியுது. எங்க வீட்டிலும் பிள்ளைங்க இருக்கு. அதனால சொல்லியிருக்கிற ஏற்பாடு இதுதான். அவன் வந்தா காலை ஏழு மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போவான். எங்களில் ஒருத்தர் எப்பவும் கூட இருப்போம், வர்ற நேரமும் போற நேரமும் நோட்டில் எழுதுவோம். அடுத்த வாரம் முறை மாறினா, போன வாரம் என்ன நடந்துச்சுன்னு புதுசா வர்றவருக்குச் சொல்லிட்டுத்தான் கிளம்புவோம். போன் நம்பர் வாங்குறது, வெளியே கூட்டிட்டுப் போகிறது எதுவும் கிடையாது. இதில் யாருக்காவது குறை தெரிஞ்சா எங்ககிட்ட நேரில் சொல்லுங்க, ஏற்பாட்டை மாத்துறோம். முடிவு அடுத்த மாசக் கூட்டத்தில். வேண்டாம்னு நினைக்கிறவங்களும் வந்து வேண்டாம்னு சொல்லுங்க. குழுவில் மெசேஜ் போடுறதை விட அது மரியாதை.

அவன் வந்தா அன்பர்கள் கவனிக்க வேண்டியது சொற்பம்தான். "எப்போ வெளியே வந்தே?" என்று கேட்காதீங்க. "இனிமே ஒழுங்கா இரு" என்ற அறிவுரை ஆளுக்கொண்ணா வேண்டாம், பையனுக்கு அது ஒரு நாளில் நாப்பது தடவை கேட்கும். "வாப்பா, சாப்டியா?" போதும்.

உங்களில் யாருக்காவது வீட்டில் பிள்ளை கை மீறிப் போகுதுன்னு கவலை இருந்தா, இவ்வளவு தூரம் போகிற வரைக்கும் காத்திருக்காதீங்க. குடும்ப சேவை மையம் 1978-லிருந்து நம்ம பேட்டையிலேயே இருக்கு. பீட்டி ரோட்டில் சிண்டா இருக்கு. போய்ப் பேசினா யாரும் பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட மாட்டாங்க. முன்னாடியெல்லாம் "என் கட்டுப்பாட்டில் இல்லை" என்று பெற்றோர் நேரா நீதிமன்றத்தில் மனு கொடுக்கிற வழக்கம் இருந்துச்சு. 2019-ல் சட்டத்தைத் திருத்தினாங்க. இப்போ முதல்ல குடும்பமே சேர்ந்து ஆலோசனைத் திட்டத்தில் கலந்துக்கணும். அது நல்லதுக்குத்தான்னு நாங்கள் நினைக்கிறோம், பெத்தவங்களும் உட்கார்ந்து பேச வேண்டி வருது இல்லையா.

கடைசியா, ஆள் தேவை. பாட்டியோட சனிக்கிழமை மதியம் மூணு மணி நேரம் உட்கார இன்னும் ஒரு அக்கா வேணும். மலாய் பேசத் தெரிஞ்சா நல்லது, பாட்டி பக்கத்து வீட்டு மக்சிக்கோட பேசி அதிலேயே பழகிட்டாங்க. கார் ஓட்ட இன்னும் ஒருத்தர் வேணும், மாசம் ஒரு தடவை முறை வரும். ஏழு வயசுப் பாப்பாவுக்கு கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க யாராவது பாலிடெக்னிக் பிள்ளைங்க இருந்தா சொல்லுங்க. குறைஞ்சது ஆறு மாசம் தொடர்ந்து வர முடியும்னா மட்டும். அன்னதானக் கூடத்தில் அடுப்புப் பக்கம் எங்களைப் பார்க்கலாம், காலை பத்து மணிக்குள்ள வந்தா பேச நேரம் இருக்கும். கீழே கமெண்டில் பையன் பெயரையோ, "எனக்குத் தெரியும், இன்னார் மகன்" என்றோ எழுதாதீங்க. எழுதினா கேட்காமலே எடுத்துடுவோம்.